நான்கு புள்ளிக் கடிதம்: பிப் மறுப்பின் காரணத்தை எங்கே தேடுவது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. லண்டனில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 58 வயது. பல ஆண்டுகளாக முடக்குவாதம். அப்பா போனபிறகு மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. பிப் எனப்படும் பர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமெண்டுக்கு, அதாவது நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்குப் பிரிட்டன் அரசு தரும் உதவித்தொகைக்கு, விண்ணப்பித்தார். மதிப்பீடு தொலைபேசியில் நடந்தது, நீங்களே பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தீர்கள். பிறகு வந்த கடிதத்தில் சமையலுக்கு 2, குளியலுக்கு 2, மற்ற எல்லாவற்றுக்கும் சுழியம். பணம் கிடையாது. "பேனாவைப் பிடிக்கவே சிரமப்படுகிறவருக்கு நான்கு புள்ளியா? எதை வைத்து இப்படி முடிவு செய்தார்கள்? தெரிந்தே பொய் எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்கிறீர்கள்.

இந்தப் படிவங்களை நிரப்பவும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பல ஆண்டுகளாகப் பலரோடு உட்கார்ந்திருக்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பொய் இல்லை. அம்மா சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து அவர்கள் வேறொரு வாக்கியத்தை ஊகித்திருப்பார்கள். அந்த ஊகம் எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அது கையிலிருக்கும் கடிதத்தில் முழுதாகத் தெரியாது.

கடிதம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். அம்மாவிடம் பேசியவர் ஒரு மதிப்பீட்டாளர். செவிலியராகவோ, பிசியோதெரபிஸ்டாகவோ, ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவராகவோ இருக்கலாம். ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தின் ஊழியர். அவர் பேசி முடித்து ஓர் அறிக்கை எழுதுகிறார். அதன் பெயர் பி.ஏ.4. பேசாமல் காகிதங்களை மட்டும் பார்த்து எழுதினால் பி.ஏ.3. முடிவெடுப்பவர் அவரில்லை. வேலை மற்றும் ஓய்வூதியத் துறையில், அதாவது டி.டபிள்யூ.பி.யில், அம்மாவோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஓர் அதிகாரி விண்ணப்பத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார். பெரும்பாலும் அறிக்கை சொன்ன புள்ளிகளே முடிவாகின்றன. கடிதத்தில் "நான் தீர்மானித்துள்ளேன்" என்று வரும் பத்திகள் அந்த அறிக்கையின் சுருக்கம். மூலம் அறிக்கையில் இருக்கிறது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோபப்படுவது, படத்தின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கதையைத் திட்டுவது போல.

எனவே முதல் வேலை, டி.டபிள்யூ.பி.யைத் தொலைபேசியில் அழைத்து அந்த பி.ஏ.4 அறிக்கையின் நகலைக் கேட்பது. கட்டணம் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். தன் பெயரையும் தேசியக் காப்பீட்டு எண்ணையும் அவர் சொல்லி, உங்களிடம் பேசச் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அறிக்கை வருவதற்குள், அம்மாவை எதை வைத்து அளந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இது பலருக்கும் தெரியாமலே மனம் புண்படுகிறது. "அம்மாவுக்கு இவ்வளவு பெரிய வியாதி, அதற்கு நான்குதானா" என்கிறோம். வியாதிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2013இல் வந்த பிப் விதிமுறைகள் பன்னிரண்டு செயல்களைப் பட்டியலிடுகின்றன. பத்து அன்றாட வாழ்க்கைக்கு: சமைத்தல், உண்ணுதல், மருந்தும் சிகிச்சையும், குளித்தல், கழிப்பறை, உடுத்தல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வாசித்தல், மற்றவர்களோடு பழகுதல், பணம் பற்றிய முடிவுகள். இரண்டு நடமாட்டத்துக்கு: பயணத்தைத் திட்டமிட்டுப் போய்வருதல், நடத்தல். ஒவ்வொரு செயலுக்கும் சிரமத்தின் அளவைப் படிப்படியாகச் சொல்லும் வாக்கியங்கள் உள்ளன, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இத்தனை புள்ளி என்று தனித்தனிக் கணக்கு. ஒரு செயலில் உங்களுக்குப் பொருந்துவதில் மிக உயர்ந்த ஒன்று மட்டும் கணக்கில் வரும். பத்து செயல்களின் கூட்டுத்தொகை 8 என்றால் சாதாரண விகிதம், 12 என்றால் உயர் விகிதம். நடமாட்டத்துக்குத் தனியாக அதே 8, அதே 12. 2025-26 நிதியாண்டில் அன்றாட வாழ்க்கைக்கான சாதாரண விகிதம் வாரத்துக்கு 73.90 பவுண்டு. 7 புள்ளி என்றால் ஒன்றும் இல்லை.

ஆக அம்மாவின் கடிதம் "உங்களுக்கு நோய் இல்லை" என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை அம்மாவிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். பல தாய்மார்கள் அந்தக் கடிதத்தைத் தங்களைப் பொய்க்காரி என்று ஊரறியச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று சுருண்டுவிடுகிறார்கள். அவருடைய நோயை அதிகாரி ஒப்புக்கொண்டிருப்பார். அநேகமாகக் கடிதத்திலேயே எழுதியும் இருப்பார். அது எந்தச் செயலை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதில்தான் பிசகு.

இப்போது ஊகங்களுக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

நீங்கள் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்: "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன் என்று அம்மா சொன்னார், அதைக் கடிதத்தில் போட்டிருக்கிறார்கள்." அறிக்கையில் அந்த ஒரு வாக்கியம் குறைந்தது மூன்று இடங்களில் வேலை செய்திருக்கும். பழகுதலில்: வாராவாரம் மக்கள் கூடும் இடத்துக்குப் போகிறார், ஆகவே பழகுவதில் சிரமம் இல்லை. பயணத்தில்: வழக்கமாக வெளியே போய்வருகிறார். நடத்தலில்: கோயிலுக்குள் நடக்கிறார். அம்மா சொல்லாமல் விட்டது என்ன? நீங்கள் வாசலிலேயே காரை நிறுத்தி இறக்கிவிடுகிறீர்கள். பின்வரிசையில் போட்ட நாற்காலியில் உட்காருகிறார். தீபாராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுகிறார். முன்பு மாலை கட்டிக்கொடுத்த கூட்டத்தின் பக்கமே போவதில்லை. பல வெள்ளிக்கிழமைகளில் புடவை மாற்றியபிறகும் "இன்றைக்கு வேண்டாம்" என்று படுத்துவிடுகிறார். இவற்றையெல்லாம் அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போவதைக் குறைத்துச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

அதேபோல் "கடைக்குப் பத்து நிமிடம் நடப்பேன்." நடத்தலுக்கான புள்ளிகள் தூரத்தை வைத்து. 200 மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தால் 0. ஐம்பதிலிருந்து இருநூறு வரை என்றால் 4. இருபதுக்கு மேல், ஐம்பதுக்குள் என்றால் கைத்தடி இல்லாமல் 8, கைத்தடியோடு 10. இருபதைத் தாண்ட முடியாவிட்டால் 12. தொலைபேசி மதிப்பீட்டில் அவர் நடப்பதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே நிமிடத்தை மீட்டராக மாற்றுகிறார்கள். சாதாரண நடையில் பத்து நிமிடம் என்றால் இருநூறு மீட்டரை எப்போதோ தாண்டியாயிற்று, புள்ளி 0. அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை நின்றார், எந்தச் சுவரில் சாய்ந்தார், கடை உண்மையில் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்தமுறை நிமிடத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அம்மா முதலில் நிற்கும் இடம் வரை அளந்து பார்த்து மீட்டரைச் சொல்லுங்கள். நின்றபின் மறுபடி நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, அன்று மாலை கால் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொலைபேசி மதிப்பீட்டில் வரும் இன்னொரு ஊகம் இதைவிட நுட்பமானது. "ஐம்பது நிமிடம் தெளிவாகப் பேசினார், கேள்விகளைப் புரிந்துகொண்டார், பதற்றம் தெரியவில்லை." மனச்சோர்வுக்கு எந்தப் புள்ளியும் இல்லாமல் போவது பல அறிக்கைகளில் இந்த இடத்தில்தான். வீட்டுச் சோபாவில், மகன் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் பேசிய ஒருவரின் அமைதி, தெரியாத மனிதரோடு தனியாகப் பழகும் ஆற்றலுக்குச் சான்றாகிறது. நேரில் மதிப்பிட்டிருந்தால் காத்திருக்கும் அறையிலிருந்து எப்படி நடந்துவந்தார், பையை எந்தக் கையால் எடுத்தார், நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார் என்பவையும் எழுதப்படும். இதற்கு அறிக்கையில் தனிப் பகுதியே உண்டு. கவனிப்பது தவறில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய மொத்த வாரத்துக்கும் நீட்டுவதுதான் தவறு.

இனி எல்லாவற்றிலும் பெரிய ஊகம். சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அம்மா எத்தனை முறை "சமாளித்துக்கொள்வேன்" என்றார்? நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள் ஒரு வாழ்நாள் துன்பம் அடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, பாதியில் விட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே இருந்துவிட்டு, எப்படியோ பொழுதைத் தள்ளுகிறேன் என்பதுதான் அதன் பொருள். அதை நீங்கள் "ஷி மேனேஜஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருப்பீர்கள். கேட்டவருக்கு அது "அவரால் முடிகிறது". தமிழ்ப் பெண்களின் பல விண்ணப்பங்கள் விழுந்துபோனது இந்த ஒற்றைச் சொல்லால்தான் என்பது என் எண்ணம். "பரவாயில்லை", "கடவுள் புண்ணியத்தில் ஓடுகிறது" ஆகியவையும் இதே இனம்.

கழிப்பறைக் கேள்வி அதைவிட மோசம். கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது, சுத்தம் செய்துகொள்வது இரண்டுமே அந்தச் செயலில் அடங்கும். விரல் மூட்டுகள் வீங்கிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள். கேள்வியை நீங்கள் மொழிபெயர்த்தீர்கள். மகனின் முகத்தைப் பார்த்து ஒரு தாய் என்ன சொல்வார்? "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்பார். சுழியம். குளியலும் உடுத்தலும் இதே கதைதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமை அம்மாவுக்கு உண்டு, முன்கூட்டியே கேட்டால் மதிப்பீட்டு நிறுவனம் ஏற்பாடு செய்யும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இலவசமாக ஏற்பாடு செய்கிறது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் மகனாக மட்டும் பக்கத்தில் இருங்கள்.

சமையலில் 2 வந்திருக்கிறது என்றீர்கள். அநேகமாக, ஏதோ ஓர் உபகரணம் இருந்தால் செய்துவிடுவார் என்று கணித்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே "சமையல்" என்றால் வீட்டுக்கே சோறும் மூன்று கறியும் ஆக்குவது இல்லை. ஒரு ஆளுக்கு, பச்சைக் காய்கறியிலிருந்து தொடங்கி, அடுப்பில் ஒரு எளிய வேளை உணவு. தோல் சீவுவது, நறுக்குவது, சூடான பாத்திரத்தைத் தூக்கி இறக்குவது எல்லாம் சேர்த்தி. அம்மா சமைக்கிறாரா என்று கேட்டதற்கு "மருமகள்தான் செய்வாள்" என்று பதில் போயிருந்தால், அது குடும்பத்தின் வழக்கம் என்று கடந்துபோயிருப்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழும் நம்மவர்களுக்கு இது ஒரு கண்ணி. செய்வதில்லை என்பது வேறு, செய்ய முடியாது என்பது வேறு. மருமகள் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் அம்மா என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கள். கத்தி நழுவிய நாள், பால் பாத்திரம் கவிழ்ந்த நாள் இருந்தால் அதையும். பக்கத்தில் ஒருவர் நின்று உதவினால்தான் முடியும் என்று காட்டினால் அந்த 2 என்பது 4 ஆகும்.

ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி எதிர்பார்க்காதீர்கள். பேசுவதும் வாசிப்பதும் அவரவர் தாய்மொழியில் முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். தமிழ்ப் பத்திரிகை படிக்க முடிகிற வரையில் அதில் 0 என்பது சரியான முடிவு, அதை விட்டுவிடுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். முதல் பக்கங்களில் நோய்களும் மருந்துகளும் இருக்கும். அடுத்து, அம்மா தன் நாளைப் பற்றிச் சொன்னது. பிறகு மதிப்பீட்டாளர் கவனித்தவை. கடைசியில் ஒவ்வொரு செயலுக்கும் தேர்ந்தெடுத்த வாக்கியமும் அதற்கான நியாயமும். கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். 0 என்று போட்ட ஒரு செயலை எடுத்து, அதற்குச் சொன்ன நியாயத்தை அடிக்கோடிட்டு, அது முன் பக்கங்களில் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று தேடிப்போவேன். சிலசமயம் அப்படி ஒரு வாக்கியமே முன் பக்கங்களில் இருக்காது. சிலசமயம் அதற்கு நேர்மாறானது இருக்கும்: "பொத்தான் போட மகன் உதவுகிறார்" என்று முன்பக்கத்தில் எழுதிவிட்டு, பின்பக்கத்தில் "விரல்களின் பிடி வலு போதுமானது, உடுத்தலில் சிரமமில்லை" என்று முடித்திருப்பார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் அதைப்போல வலுவான ஆயுதம் வேறில்லை. அவர்கள் காகிதமே உங்களுக்குச் சாட்சி.

அம்மா சொல்லாததை எழுதியிருந்தால் அது பதிவுப் பிழை. சொன்னதைச் சரியாக எழுதி, தவறாக ஊகித்திருந்தால் அது கோயில் வகை. மூன்றாவதாக ஒன்று உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்: உண்மைகள் சரி, விதியைப் பொருத்தியது தவறு.

அந்த விதி இது. ஒருவரால் ஒரு செயலைச் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டுமானால் நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறது விதிமுறைகளின் 4ஆம் பிரிவு. பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும். நியாயமாகத் தேவைப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். நியாயமான நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நியாயமான நேரம் என்றால், அந்தக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. நான்கில் ஒன்று தவறினாலும் "முடியாது" என்றே கொள்ள வேண்டும். புடவையோ சட்டையோ, அம்மா தானே உடுத்திக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆகிறது, முடிந்ததும் அரை மணி படுக்க வேண்டியிருக்கிறது என்றால், சட்டத்தின் கண்ணில் அவரால் உடுத்த முடியவில்லை. அறிக்கையில் "உடுத்திக்கொள்கிறார்" என்று மட்டும் இருக்கும். இந்த நான்கில் எதைப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு அந்த ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி டி.டபிள்யூ.பி.க்கு நீங்கள் எழுதப்போகும் மறுபரிசீலனைக் கடிதத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதுங்கள்.

பாதுகாப்பு பற்றி 2017இல் மேல் தீர்ப்பாயத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து ஒரு முக்கியமான முடிவு தந்தார்கள். ஆபத்து அடிக்கடி நேர வேண்டியதில்லை. நேர்ந்தால் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். வலிப்பு வருகிறவர்களுக்கும் விழுகிறவர்களுக்கும் இது பெரிய துணை. அம்மாவின் கையிலிருந்து கொதிநீர்ப் பாத்திரம் நழுவுவதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நல்ல நாள், கெட்ட நாள் பிரச்சினைக்கும் விதி இருக்கிறது. முடக்குவாதம் தினமும் ஒரே மாதிரி இருக்காது. ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் பொருந்தும் வாக்கியமே எடுக்கப்பட வேண்டும். முன்சென்ற மூன்று மாதமும், வரப்போகும் ஒன்பது மாதமும் கணக்கு. ஒரு நாளில் காலை மட்டும் விரல் மடங்கவில்லை, மதியத்துக்குமேல் சரியாகிவிடுகிறது என்றாலும், அந்தச் செயல் காலையில் தேவைப்படுவதானால் பொதுவாக அந்த நாள் கெட்ட நாள் கணக்கிலேயே சேரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். "வாரத்தில் ஐந்து நாள்" என்ற எண்ணுக்கு இருக்கும் கனம் "அடிக்கடி" என்ற சொல்லுக்கு இல்லை.

பழகுதல் பற்றி ஒரு கிளைக்குறிப்பு. வீட்டார் தூண்டிவிட்டால் பழகுவார் என்றால் 2. இதில் பயிற்சியோ அனுபவமோ உள்ள ஒருவரின் சமூக ஆதரவு தேவை என்றால் 4. 2019 ஜூலையில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், குடும்பத்தினரும் நண்பர்களும்கூட அந்த அனுபவமுள்ளவராகக் கருதப்படலாம் என்று தெளிவாக்கியது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அம்மா கோயிலில் அரை மணி தாங்குகிறார் என்றால், அது வெறும் துணையா, அதற்கு மேலா என்று யோசித்து எழுதுங்கள். தனியே வெளியே போகவே மனம் நடுங்குகிறது என்றால் பயணத்துக்கான புள்ளிகளையும் பாருங்கள். மன வேதனையால் வருவதை அதிலிருந்து ஒதுக்க 2017 மார்ச்சில் அரசு கொண்டுவந்த திருத்தத்தை அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இனி கணக்கு. கோபத்தில் எல்லோரும் பன்னிரண்டு செயல்களுக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மாவிடம் 4 இருக்கிறது, தேவை 8. உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே உடுத்த ஒருவர் உதவ வேண்டும் என்பதற்கு 2. கழிப்பறையில் உயர்த்திய இருக்கை அல்லது கைப்பிடி தேவை என்பதற்கு 2. மாத்திரையைத் தகட்டிலிருந்து எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்கு 1. மொத்தம் 9. இவற்றில் எதுவும் மிகையில்லை, நீங்களே எழுதியவை. உபகரணம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நியாயமாகத் தேவை என்று காட்டினால் போதும். இந்த மூன்றோடு சமையலையும் சேர்த்து, நான்கு செயல்களைப் பற்றி, செயலுக்கு ஒரு பத்தியாக எழுதுங்கள். நடத்தலுக்கு அளந்த தூரத்தோடு தனிப் பத்தி.

மருத்துவச் சான்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் கொண்ட நான்கு வரி. அதைப் பார்த்த அதிகாரி "சிறப்பு மருத்துவரின் தொடர் கவனிப்பு இல்லை" என்று எழுதி, பாதிப்பு குறைவு என்று முடித்திருக்கலாம். அன்றாட வேலைகளைச் செய்ய வழிகாட்டும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கைகளைப் பரிசோதித்து எழுதிய குறிப்பு, மூட்டு நோய்ப் பிரிவின் கடிதம், எதுவும் இல்லாவிட்டால் தினமும் உதவுகிற மருமகள் கையெழுத்திட்ட ஒரு பக்கம் ஆகியவை அதைவிடப் பயன்படும். காலை ஏழு மணிக்கு எழுப்புவதிலிருந்து அவர் என்னென்ன செய்கிறார் என்று சொந்த வார்த்தையில் எழுதட்டும்.

கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேட்க வேண்டும். அறிக்கை வரட்டும் என்று காத்திருந்து அந்த மாதத்தைக் கோட்டைவிடாதீர்கள். இன்றே தொலைபேசியிலோ கடிதத்திலோ கேட்டுவிட்டு, "விவரங்கள் பின்னர் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடலாம். தவறிப்போனாலும் தக்க காரணம் சொல்லி 13 மாதம் வரை கேட்க வழி உண்டு, ஆனால் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபரிசீலனையில் பெரும்பாலும் அதே முடிவே திரும்பி வரும், அதைக் கண்டு தளர வேண்டாம். அந்த இரண்டாவது கடிதத்தின் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், உடல் ஊனம் பற்றிய அனுபவமுள்ள ஒருவர் ஆகிய மூவர் உட்காருவார்கள். அவர்கள் டி.டபிள்யூ.பி.யின் ஆட்கள் இல்லை. விசாரணை வரை போன பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் பல ஆண்டுகளாக விண்ணப்பதாரருக்கே சாதகமாக முடிந்திருக்கின்றன. காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொல்லாமல், அம்மா நேரிலோ தொலைபேசியிலோ பேசும் விசாரணையையே கேளுங்கள். அம்மாவின் விரல்களைப் பற்றி ஒரு மருத்துவர் நேரடியாகக் கேட்பது அநேகமாக அங்கேதான் முதல்முறையாக நடக்கும்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அங்கே பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமெண்ட் இருக்கிறது, மேல்முறையீட்டு நடைமுறையும் காலக்கெடுவும் வேறு. அதன் விதியைத் தனியே பாருங்கள்.

மேல்முறையீட்டில் பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மூவரும் பார்ப்பது முடிவெடுத்த தேதியில் அம்மா எப்படி இருந்தார் என்பதை மட்டுமே. போன வாரம் இடுப்பும் பிடித்துக்கொண்டது என்றால் அது இந்த வழக்கில் ஏறாது. அதற்குப் புதிய விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். ஆகவே எழுதும்போது "அந்த மாதத்தில்" என்றே எழுதுங்கள். இன்னொன்று: மறுபடி பார்க்கும்போது முழு முடிவையும் பார்ப்பார்கள், இருக்கும் புள்ளி குறையவும் இடம் உண்டு. பணம் எதுவும் வராத உங்கள் நிலையில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே சாதாரண விகிதம் வருகிறது, உயர் விகிதம் கேட்கப்போகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அவர் தம்மிடம் இப்போது இருக்கும் புள்ளிகளுக்குச் சான்று உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நலத்திட்ட ஆலோசகர் ஒருவரிடம் பேசியபின் கேட்கட்டும்.

அறிக்கை வந்ததும் உடுத்தல், கழிப்பறை, மருந்து ஆகிய மூன்றுக்கும் அவர்கள் எழுதிய நியாயத்தை வரி பிசகாமல் இங்கே எழுதுங்கள். அம்மாவின் பெயரும் எண்களும் வேண்டாம். கழிப்பறைப் பகுதியைப் பற்றி மட்டும், நீங்கள் கேட்காமல், உங்கள் மனைவியையோ அக்காவையோ அம்மாவிடம் கேட்கச் சொல்லி அந்தப் பதிலைச் சேர்த்து அனுப்புங்கள்.